டோஸ் கூட்டினால் ஆயுள் கூடுமா? நுரையீரல் புற்றுநோய் ரேடியேஷனின் 60 கிரே கதை

1/
ரேடியேஷன் தொடங்கப் போகும் குடும்பங்கள் டாக்டர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

"டாக்டர், அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் டோஸ் கூட்டி வைக்கக் கூடாதா? அவர் தாங்குவார்."

ரொம்ப நியாயமான கேள்வி. இதே கேள்வியை மருத்துவ உலகமும் ஏறக்குறைய நாற்பது வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தது. 2011ல் பதில் வந்தது. அந்தப் பதிலை யாரும் எதிர்பார்க்கல.

அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க நண்பர்களே.

2/
முதல்ல ஒரு அளவை தெரிஞ்சுக்கணும். பாலை லிட்டரில் அளக்கிற மாதிரி, உடல் வாங்கும் கதிர்வீச்சை "கிரே" என்ற அலகில் அளக்கிறோம். லூயி ஹெரால்டு கிரே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரின் பெயர் அது. 1975ல் அதிகாரப்பூர்வ அலகானது. அதற்கு முன்பு "ராட்" என்று சொன்னார்கள். 100 ராட் என்றால் 1 கிரே.

வழக்கமான சிகிச்சையில் ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள். ஆறு வாரம் போனால் 60 கிரே. இந்த 60 என்ற எண்ணை நினைவில் வச்சுக்கோங்க. கதையின் நாயகன் அதுதான்.

3/
1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே, 1896ல், அதை வைத்து நோய்க்கு சிகிச்சை செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதிர் உடலுக்குள் என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

டோஸை அளக்க சரியான கருவியும் கிடையாது. தோல் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்தார்கள்!

சிகிச்சை கொடுத்தவர்களின் கைகளே புண்ணாகி, விரல்கள் வெட்டப்பட்டு, அதிலேயே புற்றுநோய் வந்து இறந்தவர்கள் உண்டு. அப்படி உயிர்விட்ட பல நாட்டு மருத்துவர்கள், ஊழியர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுத்தூண் ஒன்று 1936ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிறுவப்பட்டது. இன்றும் இருக்கிறது.

4/
அந்தக் காலத்தில் பலரின் எண்ணம் இதுதான்: ஒரே தடவையில் பெரிய டோஸ் கொடு, கட்டியை எரித்துவிடு.

இதை மாற்றியது ஒரு ஆட்டுக்கிடா. உண்மையாத்தான் சொல்றேன்.

பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் கிளாடியஸ் ரெகோ என்ற ஆராய்ச்சியாளர் கிடாவின் விரைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். விந்தணு உற்பத்தியை ஒரே டோஸில் நிறுத்தப் பார்த்தால், மேலே இருக்கும் தோல் வெந்து போனது. சிறு சிறு டோஸாகப் பிரித்துப் பல நாள் கொடுத்தபோது உற்பத்தி நின்றது, தோல் தப்பித்தது.

வேகமாகப் பெருகும் விந்தணு செல்களைக் கட்டிக்கு உவமையாக வைத்துப் பார்த்தார் அவர். தோல்தான் நம் நல்ல திசு.

5/
அதே பாரிஸில் ஆன்ரி கூட்டார் என்ற மருத்துவர் 1920களில் இதைத் தொண்டைப் புற்றுநோய் நோயாளிகளிடம் செய்து காட்டினார். பிரித்துக் கொடுத்தார், சிலர் உண்மையிலேயே குணமானார்கள்.

இன்று நீங்கள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் பத்து நிமிஷம் மெஷினில் படுத்து வருவதற்குக் காரணம் இதுதான். நல்ல செல்களுக்கு இரவு ஓய்வு கிடைக்கிறது, தங்களைப் பழுது பார்த்துக்கொள்கின்றன. புற்றுநோய் செல்களுக்கு அந்தத் திறமை பொதுவாகக் குறைவு.

ஆக, ரேடியேஷனின் முதல் பாடமே அளவைப் பற்றியதுதான். எவ்வளவு என்பதோடு, எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

6/
தொண்டை சரி. நுரையீரல்?

அங்கேதான் சிக்கல். கட்டி நெஞ்சுக்குள் ஆழத்தில் இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் நகர்கிறது. பக்கத்தில் இதயம், பின்னால் உணவுக்குழாய், அதற்கும் பின்னால் தண்டுவடம், சுற்றிலும் பஞ்சு மாதிரி நல்ல நுரையீரல். எல்லாமே கதிர்வீச்சுக்குப் பயந்த உறுப்புகள்.

பழைய எக்ஸ்ரே மெஷின்களின் கதிர் அந்த ஆழத்துக்குப் போவதற்குள் தோலை வேகவைத்துவிடும். 1951ல் கனடாவில் கோபால்ட் மெஷின் வந்தது. 1953ல் லண்டனில் லீனியர் ஆக்ஸிலரேட்டரில் முதல் நோயாளிக்கு சிகிச்சை நடந்தது. இதற்குப் பிறகுதான் நெஞ்சின் ஆழத்துக்குத் தேவையான டோஸைக் கொண்டுபோக முடிந்தது.

7/
கொண்டுபோக முடிந்தது. ஆனா பலன் இருந்ததா?

1968ல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகள் ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டன. ஆபரேஷன் செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: ரேடியேஷன் வாங்கியவர்களில் 100க்கு சுமார் 18 பேர். வாங்காதவர்களில் சுமார் 14 பேர்.

அவ்வளவுதான் வித்தியாசம். மனசு உடையும் கணக்கு.

8/
இந்த இடத்தில் ஒரு மருத்துவராக இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

"டோஸ் பத்தலை போல."

அதையேதான் அவர்களும் நினைத்தார்கள். 1973ல் அமெரிக்காவின் ஆர்.டி.ஓ.ஜி. என்ற கதிர்வீச்சு சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பு ஒரு ஆய்வைத் தொடங்கியது. கார்லோஸ் பெரஸ் தலைமையில் அதன் முடிவுகள் வெளிவந்தன. நோயாளிகளை 40 கிரே, 50 கிரே, 60 கிரே என்று பிரித்தார்கள். (40ல் மட்டும் இரண்டு வகை: தொடர்ச்சியாக ஒன்று, நடுவில் இடைவெளி விட்டு ஒன்று.)

9/
முடிவு ஏணிப்படி மாதிரி வந்தது.

நெஞ்சுக்குள் கட்டி மறுபடி வளர்ந்தது: 40 கிரே வாங்கியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 60 கிரே வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு.

மூன்று வருடம் தாண்டியவர்கள்: 40ல் 100க்கு 6 பேர், 50ல் 10 பேர், 60ல் 15 பேர்.

6, 10, 15. எவ்வளவு அழகான ஏணி பாருங்க! அன்றிலிருந்து 60 கிரேதான் உலகம் முழுக்க அடிப்படை டோஸ் ஆனது.

ஆனா ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். ஐந்து வருடக் கணக்கு எடுக்கும்போது அந்த வித்தியாசம் கரைந்து போயிருந்தது. நெஞ்சில் கட்டுப்பட்ட நோய் மூளையிலும் எலும்பிலும் கல்லீரலிலும் தலைதூக்கியது. இதை அன்றே எழுதியும் வைத்தார்கள். ஆனா எல்லோர் மனசிலும் தங்கியது ஏணிதான்.

10/
ஏணி ஏன் அவ்வளவு கவர்ச்சியா இருந்தது? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். (புரிவதற்காக மட்டும். நிஜக் கட்டி இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.)

1 செ.மீ. கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. ஒவ்வொரு 2 கிரேயும் பாதி செல்களைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் பாதி பாதியாகக் குறைத்தால்? 107 கோடியில் ஒன்றுதான் மிஞ்சும். கட்டி காலி. அதுதான் 60 கிரே.

ஆனால் மூன்றாம் நிலை நோயில் கட்டி 5 செ.மீ. இருக்கலாம். அகலம் 5 மடங்கு என்றால் கன அளவு 125 மடங்கு. செல்கள் 12,500 கோடி. அதைக் காலி செய்ய இன்னும் 7 நாள் வேண்டும். மொத்தம் 37 நாள். 37 × 2 = 74 கிரே.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 74 கொடுக்காமல் இருக்க யாருக்கு மனசு வரும்?

11/
74க்கு வருவதற்கு முன்னால், நடுவில் நடந்த மூன்று விஷயங்களைச் சொல்லணும். மூன்றுமே "டோஸ் மட்டும்தானா?" என்று கேட்டவை.

முதலாவது, கீமோ.

1990ல் டில்மன் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அதே 60 கிரேதான். ஒரு பிரிவுக்கு மட்டும் ரேடியேஷனுக்கு முன்னால் சில வாரங்கள் கீமோ. பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் (இதை மீடியன் என்போம்) 9.7 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது.

1999ல் ஜப்பானின் ஃபுருசே குழு இன்னொரு படி போனது. கீமோவை முதலில் கொடுத்து முடிக்காமல், ரேடியேஷனோடு சேர்த்தே கொடுத்தால்? 13.3 மாதம் 16.5 மாதமானது.

ஒரு கிரே கூடக் கூட்டாமல் கிடைத்த மாதங்கள் இவை.

12/
இரண்டாவது, நேரம்.

இங்கிலாந்தில் மிஷேல் சாண்டர்ஸ், ஸ்டான்லி டிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆறு வாரம் சிகிச்சை நடக்கும்போது மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் சும்மா இருக்குமா? பெருகிக்கிட்டே இருக்கும். சனி ஞாயிறு நமக்குத்தான் லீவு, கட்டிக்கு இல்ல.

அதனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை, சனி ஞாயிறும் விடாமல், 12 நாளில் சிகிச்சையை முடித்தார்கள். மொத்த டோஸ் 54 கிரே. 60ஐ விடக் குறைவு!

1997ல் முடிவு வந்தது. இரண்டு வருடம் தாண்டியவர்கள்: ஆறு வாரம் 60 கிரே வாங்கியவர்களில் 100க்கு 20 பேர். 12 நாள் 54 கிரே வாங்கியவர்களில் 29 பேர்.

குறைந்த டோஸ் ஜெயித்தது. ஆனா தினமும் மூன்று தடவை, லீவே இல்லாமல் மெஷினையும் ஊழியர்களையும் ஓட்டுவது பெரும்பாலான மருத்துவமனைகளால் முடியாத காரியம். அதனால் இது உலகம் முழுக்கப் பரவவில்லை.

13/
மூன்றாவது, நோக்கம்.

நோய் ரொம்பப் பரவி, குணப்படுத்த முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ரேடியேஷன் உண்டு. இருமலில் ரத்தம் வருவது, நெஞ்சு வலி, மூச்சடைப்பு இதெல்லாம் குறைவதற்காக.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991ல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு 10 தடவையில் 30 கிரே. இன்னொரு பிரிவுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டே தடவையில் 17 கிரே. நிவாரணம் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆயுளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எட்டு நாள் ஆஸ்பத்திரி அலைச்சல் மிச்சம். மாதங்களை எண்ணிக்கொண்டு இருப்பவருக்கு எட்டு நாள் என்பது எவ்வளவு பெரிய சொத்து!

ஆனா அதே கவுன்சில் 1996ல் இன்னொன்றையும் காட்டியது. ஓரளவு திடமாக நடமாடும் நோயாளிகளுக்கு 17க்குப் பதில் 13 தடவையில் 39 கிரே கொடுத்தபோது மீடியன் 7 மாதத்திலிருந்து 9 மாதம் ஆனது. அதாவது எல்லோருக்கும் ஒரே சட்டை பொருந்தாது.

14/
இப்போ 74க்கு வருவோம்.

1990களில் சி.டி. ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் திட்டமிடல் வந்தது. கட்டியின் வடிவத்துக்கு ஏற்ற மாதிரி கதிரை வளைத்து விடலாம். பக்கத்து உறுப்புகளுக்கு எவ்வளவு போகிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

உடனே பழைய ஏணி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிறிய கட்டிகளுக்கு 100 கிரேக்கு மேல் கூடப் போய்ப் பார்த்தார்கள். கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாக சில குழுக்கள் தேடின. அவை வந்து நின்ற எண் 74.

அந்தச் சிறிய ஆய்வுகளில் 74 வாங்கியவர்கள் பழைய நோயாளிகளை விட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். நம்பிக்கை பெருகியது. சில இடங்களில் ஆய்வுக்கு வெளியேயும் டாக்டர்கள் 60ஐத் தாண்டத் தொடங்கினார்கள்.

15/
ஆனால் அந்தச் சிறிய ஆய்வுகளில் ஒரு ஓட்டை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை.

திடமாக இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஸ்கேன் தரம் உயர்ந்திருக்கும். பெட் ஸ்கேன் வந்து, மறைந்திருந்த பரவலைக் கண்டுபிடித்து, அப்படிப்பட்டவர்களை முன்பே ஒதுக்கியிருக்கும். ஆக, ஆயுள் கூடியது டோஸாலா, ஆட்களாலா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். குலுக்கிப் போட்டுப் பார்ப்பது.

16/
2007 நவம்பரில் ஆர்.டி.ஓ.ஜி. அதைச் செய்தது. ஆய்வின் எண் 0617. ஜெஃப்ரி பிராட்லி என்ற கதிர்வீச்சு மருத்துவர் தலைமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 185 மையங்கள். ஆபரேஷன் செய்ய முடியாத மூன்றாம் நிலை நோயாளிகள் 544 பேர்.

எல்லோருக்கும் ஒரே கீமோ. ஒரு பிரிவுக்கு 60 கிரே, இன்னொரு பிரிவுக்கு 74 கிரே. (செடுக்ஸிமாப் என்ற மருந்தைச் சேர்த்தால் பலன் உண்டா என்பதையும் கூடவே சோதித்தார்கள். பலன் இல்லை.)

74 ஜெயிக்கும் என்பதுதான் பரவலான எதிர்பார்ப்பு. எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதுதான் கேள்வி.

17/
2011 ஜூன். நடுவில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். இது முன்பே திட்டமிட்ட இடைக்கால ஆய்வு.

74 கிரே பிரிவை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அது ஜெயிக்க இனி வாய்ப்பே இல்லை என்று எண்கள் சொல்லின.

2015ல் முழு முடிவு லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது.

மீடியன் ஆயுள்:
60 கிரே: 28.7 மாதம்.
74 கிரே: 20.3 மாதம்.

மறுபடி படிங்க. அதிக டோஸ் வாங்கியவர்கள் எட்டு மாதம் குறைவாக வாழ்ந்தார்கள்.

18/
இந்த எட்டு மாதத்தை வெறும் எண்ணாகப் பார்க்காதீங்க.

ஒரு பேரக்குழந்தை பிறந்து தவழத் தொடங்கும் காலம் அது. மகள் கல்யாணம் முடிவாகி நடந்து முடியும் காலம்.

74 வாங்கியவர்கள் "எனக்குக் கூடுதல் டோஸ் கிடைத்திருக்கிறது" என்று நம்பிக்கையோடுதான் ஏழரை வாரம் மெஷினில் படுத்திருப்பார்கள். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. அன்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. அவர்கள் கையெழுத்துப் போட்டதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால்? 74 மெல்ல மெல்ல வழக்கமாகியிருக்கும். யாரும் தப்பு செய்வதாக நினைத்திருக்கவே மாட்டார்கள்.

19/
சரி, ஏன் இப்படி ஆனது?

கட்டியாவது நன்றாகக் கட்டுப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது 60ல் 100க்கு சுமார் 31 பேருக்கு, 74ல் சுமார் 39 பேருக்கு.

கடுமையான உணவுக்குழாய்ப் புண் 60ல் 7 சதவீதம், 74ல் 21 சதவீதம். மூன்று மடங்கு! எச்சில் விழுங்கினாலே நெருப்பை விழுங்குகிற மாதிரி இருக்கும். சாப்பாடு இறங்காது, எடை குறையும், உடம்பு தளரும்.

ஒன்றரை வாரம் கூடுதலாக இழுத்த சிகிச்சைக்குள் கட்டி மறுபடி பெருகியிருக்கலாம். பக்கத்து உறுப்புகளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியின் விளிம்பில் டோஸ் குறைந்திருக்கலாம். இவை விவாதத்தில் இருக்கும் காரணங்கள்.

ஆனா எல்லோர் பார்வையையும் திருப்பியது வேறு ஒரு உறுப்பு.

20/
இதயம்.

0617ல் இதயத்துக்குப் போன டோஸ் அதிகமாக இருந்தவர்கள் குறைவாக வாழ்ந்தார்கள். இதயத்தின் எவ்வளவு பகுதி கதிர் வாங்கியது என்பது ஆயுளோடு தொடர்புடைய காரணிகளில் ஒன்றாக வந்தது.

அதுவரை பொதுவான எண்ணம் என்ன தெரியுமா? கதிர்வீச்சால் இதயம் பாதிக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நுரையீரல் புற்றுநோயாளிகள் அவ்வளவு நாள் இருப்பதில்லை. அதனால் இதயத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

2017ல் 70 முதல் 90 கிரே வரை வாங்கிய பழைய நோயாளிகளின் கோப்புகளை வட கரோலினா ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 112 பேரில் 26 பேருக்கு இதயப் பிரச்சினை வந்திருந்தது. பத்து வருடம் கழித்து இல்லை. மீடியன் 26 மாதத்தில்.

புற்றுநோயாளி இறந்தால் புற்றுநோயால் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இதயத்தை யாரும் சந்தேகப்படவே இல்லை.

21/
இதே ஆய்விலிருந்து இன்னொரு பாடம். டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பக்கவிளைவுகளை டாக்டர்கள் குறித்த பதிவேட்டில் இரண்டு பிரிவுக்கும் நடுவில் பெரும்பாலும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளிடமே கேள்வித்தாள் கொடுத்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தார்கள். மூன்றாவது மாதத்தில் நிலைமை குறிப்பிடத்தக்க அளவு மோசமானதாகச் சொன்னவர்கள்: 60ல் 30 சதவீதம், 74ல் 45 சதவீதம்.

நாங்கள் பார்க்கத் தவறியதை நோயாளி சொல்லியிருக்கிறார்.

அதனால "டாக்டர் பிஸியா இருக்கார், இதைப் போய் சொல்லணுமா"ன்னு தயங்காதீங்க. சொல்லுங்க.

22/
ஐந்து வருட முடிவு 2020ல் வந்தது. கதை மாறவில்லை. 60 கிரேயில் 100க்கு 32 பேர் உயிரோடு இருந்தார்கள், 74ல் 23 பேர்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, கவனித்தீர்களா? 1973 ஆய்வில் 60 கிரே வாங்கியவர்களில் மூன்று வருடம் தாண்டியவர்கள் 15 பேர். இங்கே அதே 60 கிரேயில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 32 பேர்.

டோஸ் ஒன்றுதான். அதைச் சுற்றியிருந்த எல்லாம் மேம்பட்டிருந்தது. கூடவே கொடுத்த கீமோ, நோயின் நிலையைச் சரியாகக் கண்டுபிடித்த ஸ்கேன், குறிபார்த்து விழும் கதிர், மற்ற பராமரிப்பு.

23/
அடுத்த பாய்ச்சலும் டோஸிலிருந்து வரவில்லை.

2017ல் பசிபிக் என்ற ஆய்வின் முதல் முடிவு வந்தது. கீமோவும் ரேடியேஷனும் முடித்து, நோய் வளராமல் இருந்த 713 பேர். அவர்களில் ஒரு பிரிவுக்கு டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஒரு வருடம் வரை கொடுத்தார்கள். நம் நோய் எதிர்ப்பு செல்கள் மேல் புற்றுநோய் போடும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து அது.

நோய் வளராமல் இருந்த மீடியன் காலம் 5.6 மாதத்திலிருந்து 16.8 மாதம். ஐந்து வருடம் தாண்டியவர்கள்: மருந்து இல்லாமல் 33 சதவீதம், மருந்தோடு 43 சதவீதம்.

அந்த நோயாளிகள் வாங்கிய ரேடியேஷன்? 54க்கும் 66க்கும் நடுவில். அதே பழைய 60ஐச் சுற்றித்தான்!

(விலை அதிகம். எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது தனி வேதனை. அது இன்னொரு இழைக்கான விஷயம்.)

24/
"அப்போ அதிக டோஸே தப்பா டாக்டர்?"

இல்லை. தப்பாப் புரிஞ்சுக்காதீங்க.

பரவாத, சின்னக் கட்டிக்கு இன்று மிகத் துல்லியமாகக் குறிபார்த்து மூன்றே தடவையில் 54 கிரே கூடக் கொடுக்கிறோம். ஒரு தடவைக்கு 18 கிரே! 2010ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று வருடம் கழித்தும் 97 சதவீதத்துக்கு மேல் அந்தக் கட்டி அடங்கியே இருந்தது. ஆபரேஷன் தாங்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய வரம்.

வித்தியாசம் என்ன? அங்கே கட்டி சின்னது, பெரும்பாலும் இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் தள்ளி இருப்பது. மூன்றாம் நிலையில் நோய் நெஞ்சின் நடுவில், நிணநீர்க் கணுக்களில், இதயத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கட்டி எவ்வளவு தாங்கும் என்று மட்டும் கணக்குப் போட்டால் போதாது. வழியில் இருப்பவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்றும் போடணும்.

பத்தாவது பதிவில் நான் போட்ட அழகான கணக்கில் இல்லாதது இதுதான். அதில் கட்டி இருந்தது. மனிதர் இல்லை.

25/
இனி, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த சிகிச்சை நடக்கிறது என்றால், கேட்க வேண்டிய கேள்விகள்:

• இது குணப்படுத்தும் நோக்கத்திலா, வேதனையைக் குறைக்கும் நோக்கத்திலா? (டோஸ் இதைப் பொறுத்தது.)
• மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள்?
• இதயத்துக்கும் நுரையீரலுக்கும் உணவுக்குழாய்க்கும் எவ்வளவு போகிறது? திட்டத்தில் அது பதிவாகியிருக்கும். கேட்பது உங்கள் உரிமை.
• கீமோவைச் சேர்த்துக் கொடுக்க உடம்பு ஒத்துழைக்குமா?
• முடிந்த பிறகு இம்யூனோதெரபி பொருந்துமா?

26/
நீங்கள் செய்ய வேண்டியவை:

• இடையில் நாள் விடாதீங்க. அமாவாசை, அஷ்டமி, சொந்தக்காரர் விசேஷம் எதுவானாலும் சரி. கட்டிக்கு லீவு கிடையாது என்பதை 12 நாள் சிகிச்சை நமக்குக் காட்டியிருக்கிறது.
• விழுங்க வலித்தால் அன்றே சொல்லுங்க. கூழ், கஞ்சி, தயிர், முட்டை என்று எடை குறையாமல் பார்த்துக்கோங்க. காரமும் சூடும் வேண்டாம்.
• சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகளை "இப்போ கேன்சர்தானே முக்கியம்" என்று நிறுத்தாதீங்க. இதயம் இந்தக் கதையில் எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம்.
• புகையை இன்றே விடுங்க. சிகிச்சை தொடங்கிய பிறகு விட்டாலும் பலன் உண்டு.
• இந்த இழையை வைத்து உங்கள் டாக்டர் போட்ட டோஸை எடை போடாதீங்க. 60, 63, 66 என்றும், குறைந்த நாளில் 55 என்றும் வெவ்வேறு திட்டங்கள் உண்டு. காரணம் இருக்கும். கேளுங்க.

27/
கடைசியா ஒன்று.

"அப்பா தாங்குவார்" என்று சொல்லும் பிள்ளையின் மனசு எனக்குப் புரிகிறது. அதிகம் கேட்பது அன்பு. குறைவாகக் கொடுத்தால் டாக்டர் கைவிட்டுவிட்டாரோ என்ற பயம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆனா அந்த அளவு எது? அதைப் பழமொழி சொல்லாது. அனுபவமும் சில சமயம் சொல்லாது. நாற்பது வருட அனுபவமுள்ளவர்களே 74 என்றுதான் நினைத்தார்கள். 544 பேர் குலுக்கலில் தங்கள் பெயரைப் போட்டதால் தெரிந்தது.

அதனால் அடுத்த முறை உங்க டாக்டர் "60 போதும்" என்று சொன்னால், அது கைவிட்ட வார்த்தை இல்லை. ரொம்ப விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட வார்த்தை.

பயனுள்ளதா இருந்தால் தேவைப்படும் ஒரு குடும்பத்துக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்த வரை பதில் சொல்றேன்.